சிந்தெடிக் ஒயிலிலிருந்து திரும்பி வரலாமா?

கேள்வி: என் பைக்குக்கு இதுவரை மினரல் (கச்சா எண்ணெயில் வடித்த சாதாரண) ஒயில்தான். சிந்தெடிக் (இரசாயன முறையில் தயாரித்த) ஒயில் விட்டால் எஞ்சினின் ரப்பர் சீல் ஒழுகும், பிறகு மாற்றவும் ஏலாது என்கிறார் கராஜ்காரர். உண்மையா?
- வாசகர், வெள்ளவத்தை

பதில்: தாராளமாக மாற்றலாம் தம்பி, திரும்பியும் வரலாம். அடியில் தங்கும் கொஞ்சப் பழைய ஒயிலோடு புதியது கலந்தாலும் பாதகமில்லை. ஏற்கெனவே காய்ந்து வெடித்த சீலென்றால், அடைத்திருந்த கசடு கழுவப்பட்டுக் கசியலாம். அது சீலின் குறை.

எனக்குக் கவலை கிளச்தான். கியர் பைக்குகள் பெரும்பாலானவற்றில் கிளச் தட்டுகள் எஞ்சின் ஒயிலிலேயே ஊறுகின்றன. பஞ்சிகாவத்தையில் வாங்கும்போது போத்தலைத் திருப்பி 'ஜாஸோ எம்ஏ' அல்லது 'எம்ஏ2' என்ற ஜப்பானியத் தரக்குறி இருக்கிறதா என்று பாருங்கள். 'எம்பி' கியரில்லாத ஸ்கூட்டருக்கு. அதைக் கியர் பைக்கில் விட்டால் கிளச் வழுக்கலாம். பைக்கின் கைநூலில் ஒயிலின் தடிப்பு 10டபிள்யூ-30 என்றிருந்தால் அதையே வாங்குங்கள். காலி வீதி நெரிசல் சூட்டுக்குச் சிந்தெடிக் நன்றாகத் தாங்கும். ஃபில்டரையும் மாற்றிவிடுங்கள்.