வெயில் 40, சாயங்காலம் இடி மழை: கறவை மாட்டை எப்படிக் காப்பாற்றுவது?

கேள்வி: மாதவரம் பக்கத்துல மூணு ஜெர்சி கலப்பின மாடு வச்சிருக்கேன் டாக்டர். ஒண்ணு எட்டு மாசச் சினை. ஒரு வாரமா பால் குறைஞ்சுட்டே வருது. மத்தியானம் வாயைத் திறந்து மூச்சு வாங்குதுங்க. அடுத்த அஞ்சு நாளும் 40 டிகிரி வெயில், ஓரிரு இடங்கள்ல இடியோட மழைன்னு செய்தியில சொல்றாங்க. கொட்டாய் ஆஸ்பெஸ்டாஸ் ஷீட். தண்ணி தெளிச்சும் அடங்கல. மழை வந்தா சரியாகிடுமா?

பதில்: மழையை நம்பி இருக்காதீங்கம்மா. ‘ஓரிரு இடங்களில்’ என்று வானிலை அறிக்கை சொன்னால், அந்தப் பகுதியில் மழை அளக்கும் இடங்களில் கால் பங்குக்கு மேல் மழை இருக்காது என்று பொருள். புழலில் கொட்டும், உங்கள் தெருவில் புழுதிதான் பறக்கும். கோடையில் இடிமேகம் பெரும்பாலும் மேற்கே திருத்தணி, ஊத்துக்கோட்டைப் பக்கம் திரண்டு கிழக்கே நகர்ந்து வரும். நம்மிடம் வந்து சேரச் சாயங்காலமோ ராத்திரியோ ஆகிவிடும். அதற்குள் மாடு பகல் முழுக்க வெந்திருக்கும்.

இன்னொன்று, 40 என்ற எண்ணை மட்டும் பார்க்காதீர்கள். வெப்பத்தையும் காற்றின் ஈரத்தையும் சேர்த்துக் கணக்கிடும் குறியீடு ஒன்று உண்டு. அது 72-ஐத் தாண்டினாலே கறவை மாட்டுக்கு அயர்ச்சி தொடங்கும். 40 டிகிரியும் 35 சதவீத ஈரமும் இருந்தால் அது ஏறக்குறைய 88. கடல் காற்று வந்து 36 டிகிரிக்கு இறங்கி, ஈரம் 70 சதவீதமானால் 90! நமக்கு ‘அப்பாடா’ என்று இருக்கிற நேரத்திலும் மாட்டுக்கு விடிவு இல்லை. மழை பெய்து 29 டிகிரி ஆனால்கூட, ஈரம் 90 சதவீதம் இருந்தால் 83-ல்தான் நிற்கும். அதனால் மழை நின்ற பிறகும் மின்விசிறியை நிறுத்த வேண்டாம்.

நீங்கள் தண்ணீர் தெளித்தும் அடங்காததற்குக் காரணம் இதுதான். காற்றோட்டம் இல்லாத கொட்டாயில் தெளித்தால் ஈரம்தான் ஏறும். மேல்முடி மட்டும் நனைந்தால் பயன் இல்லை; தோல் நனையும்படி ஒன்றிரண்டு நிமிடம் ஊற்றி, உடனே விசிறிக் காற்று படவிடுங்கள். அது காய்ந்ததும் திரும்ப ஊற்றுங்கள். காலை பத்தரையிலிருந்து மாலை வரை கால் மணிக்கு ஒரு தரம் இப்படிச் செய்யலாம். பக்கவாட்டில் சாக்கோ தார்ப்பாயோ கட்டியிருந்தால் இன்றே அவிழ்த்துவிடுங்கள். ஷீட் மேல் தென்னங்கீற்றைப் பரப்பி, புயல்காற்றில் பறக்காதபடி கயிறு போட்டுக் கட்டுங்கள். இடி மழைக்கு முன்னால் அடிக்கும் காற்று லேசானது அல்ல.

தீவனம் செரிக்கும்போது மாட்டின் வயிற்றிலேயே சூடு பிறக்கிறது. தின்று மூன்று, நான்கு மணி நேரத்தில் அது உச்சம். பத்து மணிக்கு வைக்கோலும் புண்ணாக்கும் வைத்தால் உள்சூடும் வெயிலும் ஒன்றாகச் சேரும். காலை ஐந்து மணிக்கும், பொழுது சாய்ந்த பிறகும் வையுங்கள். பகலில் கொஞ்சம் பசும்புல் போதும். தாது உப்புக் கலவை 50 கிராம், சமையல் சோடா 50 கிராம், கல் உப்பு 30 கிராம் தினமும் ஒவ்வொரு மாட்டின் தீவனத்திலும் கலந்து கொடுங்கள். வாயைத் திறந்து மூச்சு வாங்கும் மாடு உமிழ்நீரை ஒழுகவிட்டு இழக்கிறது, வயிற்றில் புளிப்பு ஏறுகிறது, சோடா அதற்குத்தான். குடிதண்ணீர் நிழலில் எந்நேரமும் இருக்கட்டும். கறவை மாடு இந்த வெயிலில் ஒரு நாளைக்கு 80 லிட்டர்கூடக் குடிக்கும்.

சினை மாட்டைப் பற்றித்தான் எனக்குக் கவலை அதிகம். பால் கறக்காத மாடு என்று அதைக் காற்று வராத மூலையில் கட்டுவதை நான் நிறைய வீடுகளில் பார்த்திருக்கிறேன். கடைசி இரண்டு மாதத்தில் வெயில் தாக்கினால் கன்று எடை குறைந்து பிறக்கும், அடுத்த ஈத்தில் பாலும் குறையும். விசிறிக்கு நேராக முதலில் கட்ட வேண்டியது அதைத்தான்.

இடி கேட்டால் மேய்ச்சலில் இருக்கும் மாட்டை உடனே ஓட்டி வாருங்கள். தனி மரத்தடியிலோ கம்பிவேலி ஓரத்திலோ கட்டாதீர்கள். கடைசி இடி கேட்டு அரை மணி நேரம் கழித்து வெளியே விடலாம். மின்னலை முன்கூட்டியே சொல்லும் தாமினி செயலியை வீட்டுப் பிள்ளைகளிடம் சொல்லி செல்பேசியில் போட்டுக்கொள்ளுங்கள்.

சோழவரம், மீஞ்சூர்ப் பக்கமிருந்து சோளத்தட்டு வாங்குகிறவராக இருந்தால் இதைக் கவனியுங்கள்: வாடிக் கிடந்த சோளம் மழைக்குப் பின் விடும் இளந்துளிரில் நச்சு ஏறியிருக்கும், மாட்டைச் சில நிமிடங்களில் சாய்த்துவிடும். பூத்த பயிரைத்தான் வாங்க வேண்டும்.

மதியம் இரண்டுக்கும் இரவு ஒன்பதுக்கும் விலா ஏறி இறங்குவதை ஒரு நிமிடம் எண்ணுங்கள். 60-ஐத் தாண்டினால் விசிறியையும் தண்ணீரையும் கூட்டுங்கள். 80-ஐத் தாண்டினாலோ, மாடு தள்ளாடினாலோ, 1962-க்குப் போன் செய்து, கால்நடை ஆம்புலன்ஸ் வரும்வரை உடம்பில் தண்ணீர் ஊற்றிக்கொண்டே இருங்கள். சாய்ந்து கிடக்கும் மாட்டின் வாயில் மட்டும் எதையும் புகட்டாதீர்கள், நுரையீரலுக்குள் போய்விடும்.