ஹிமாலியா மேற்கே விலகுவது ஏன்?

வணக்கம் நண்பரே. மூன்று இரவுகளிலும் வியாழனின் நிலாவான ஹிமாலியா கணித்த இடத்துக்கு 0.8 ஆர்க்செகண்ட் (ஒரு பாகையில் 3600-இல் ஒரு பங்கு கோணம்) மேற்கே விழுகிறது, ஒவ்வொரு படமும் 5 நிமிடம் என்கிறீர்கள். ஒரே திசையில், ஒரே அளவில் விலகுவதால் நேரத்தைத்தான் முதலில் சந்தேகிப்பேன். பூமியிலிருந்து பார்க்க வியாழன் சூரியனுக்கு நேரெதிரே நிற்கும் எதிரமைவை ஒட்டிய இந்த நாட்களில் வியாழன் மணிக்குச் சுமார் 20 ஆர்க்செகண்ட் மேற்கே நகர்கிறது, ஹிமாலியாவும் கூடவே போகிறது. கேமரா கோப்பில் பதிவது பெரும்பாலும் ஷட்டர் திறந்த நேரம். நீங்கள் கணக்கிட வேண்டியது அந்த 5 நிமிடத்தின் நடுநேரத்துக்கு. இரண்டரை நிமிட வித்தியாசம் ஏறக்குறைய அதே 0.8 தரும்!

நடுநேரத்தை யுடிசியில் (உலகப் பொது நேரம்) போட்டு மறுபடி கணக்கிடுங்கள். அப்புறம், கணினிக் கடிகாரத்தை இணைய நேரத்தோடு ஒத்திசைத்து வையுங்கள். இடத்தை அளக்க உதவும் ஒப்பீட்டு நட்சத்திரங்களுக்கு, கையா விண்கலம் தந்த நட்சத்திர அட்டவணையே போதும். இவ்வளவுக்குப் பிறகும் விலகல் இருந்தால், படத்தில் பரவும் வியாழனின் ஒளிக்கசிவு காரணமா என்று பார்க்கலாம். 1904-இல் வானியலாளர் பெரைன் புகைப்படத் தகட்டில் கண்டுபிடித்த நிலா இது. ஒளிப்பருமன் சுமார் 15 என்னும் அளவுக்கு மங்கலான அதை நீங்களே அளப்பது பெரிய விஷயம், விட்டுவிடாதீர்கள்.