தபால் வழியில எம்.ஓ.டி. படிக்கலாமா?

கேள்வி: மேடம், நான் பி.ஓ.டி., அதாவது நோயாலயோ அடிபட்டோ முடியாம போனவங்களை அன்றாட வேலைகளை தானே செய்ய பழக்குற ஆக்குபேஷனல் தெரபி டிகிரி, முடிச்சு 6 வருஷம் ஆச்சு. ஒரு தெரபி சென்டர்ல வேலை பாக்குறேன். பொண்ணுக்கு 2 வயசு, வெளியூர் போய் படிக்க வழியில்ல. தபால் வழியில எம்.ஓ.டி. (இதுலயே மாஸ்டர் டிகிரி)ன்னு ஒரு விளம்பரம் பாத்தேன், சேரலாமா?
- வாசகி, தென்காசி

பதில்: பணம் கட்டிடாதீங்கம்மா, முதல்ல அதை சொல்லிடுறேன். தொலைதூரத்துலயோ ஆன்லைன்லயோ நடத்தவே கூடாதுன்னு 2020 யுஜிசி விதிமுறையில சில படிப்புகளை சொல்லிருக்காங்க, மருத்துவம், நர்சிங், பிசியோதெரபியோட நம்ம ஆக்குபேஷனல் தெரபியும் அதுல இருக்கு. அந்த டிகிரி செல்லாது.

இந்த தடை நியாயமானதுதான். கைக்கு தாங்கலா மாட்டுற ஸ்பிளின்ட் செய்யறதையே எடுத்துக்கோங்க. தெர்மோபிளாஸ்டிக் ஷீட்டை சுமார் 65, 70 டிகிரி வெந்நீர்ல போட்டு, இளகினதும் எடுத்து துணியில ஒத்தி, சூடு தாங்குமான்னு பாத்து பேஷன்ட் கையில வெச்சா அது இறுகறதுக்குள்ள உள்ளங்கை வளைவு படியணும், மணிக்கட்டு எலும்புல உரசக் கூடாது, விரல் நுனியால அழுத்தினா குழி விழுந்துடும். எத்தனை வீடியோ பாத்தாலும் இது கைக்கு வராது, பக்கத்துல ஒரு சீனியர் நின்னு "இழுக்காத, தானா படியட்டும்"னு சொல்லி சொல்லித்தான் எனக்கே வந்துச்சு.

ஆனா டிகிரி வேற, தொடர்கல்வி வேற. சின்ன சின்ன ஆன்லைன் கோர்ஸ் தாராளமா படிங்க, நானே படிக்கிறேன். உலக ஓ.டி. கூட்டமைப்பு டபிள்யூஎஃப்ஓடி ஆன்லைன் பாடங்கள் வெச்சிருக்கு, ஐஐடிகள் நடத்துற என்பிடெல்ல நம்ம வேலைக்கு ஒட்டின பாடங்களை ஃப்ரீயாவே படிக்கலாம், சர்டிபிகேட் வேணும்னா மட்டும் ஃபீஸ் கட்டி சென்டர்ல போய் பரீட்சை எழுதணும். சேர்றதுக்கு முன்னாடி ஒண்ணு மட்டும் கேளுங்க, கிளாஸ் எடுக்கறவங்க நம்ம கேஸ பாத்து பதில் சொல்வாங்களா, இல்ல ரெக்கார்ட் பண்ண வீடியோ மட்டும்தானா? நான் படிச்ச ஒரு கோர்ஸ்ல, ஒரு ஸ்ட்ரோக் பேஷன்ட் சட்டை போடற வீடியோவை, அவங்க சம்மதத்தோட, 5 பேரா பாத்து, எந்த அளவுக்கு தானா செய்யறாங்கன்னு ஆளுக்கொரு ஸ்கோர் போட்டு ஏன் வித்தியாசம் வந்துச்சுன்னு பேசினோம், நான் ரெண்டு வருஷமா தப்பா போட்டுட்டு இருந்தது அன்னிக்குத்தான் தெரிஞ்சுது.

படிச்சதுக்கு தேதி, மணி நேரம், அடுத்த வாரம் எந்த பேஷன்ட்கிட்ட செஞ்சு பாத்தீங்கன்னு ஒரு நோட்டுல எழுதி வைங்க. பின்னாடி யுகே போற எண்ணம் இருந்தா அங்க 2 வருஷத்துக்கு ஒரு தடவை ரிஜிஸ்ட்ரேஷன் புதுப்பிக்கணும், சிலர்கிட்ட இந்த கணக்கையும் கேப்பாங்க.

எம்.ஓ.டி. ஆசையை விட்டுடாதீங்க. பாப்பா ஸ்கூல் போக ஆரம்பிச்சதும் வேலூர், சென்னையில ரெகுலரா நடக்குற காலேஜ்ல விசாரிங்க.