எதில் 20 வீதம்?

அன்புள்ள சேர்,

அரிசி மில்லுகளுக்குப் பொயிலரும் ட்ரையரும் செய்துகொடுக்கும் பட்டறை எங்களுடையது. பொயிலர் எப்படி ஓடும் என்று கணினியில் ஓட்டிப் பார்க்கும் சிமுலேஷனை ஒருவர் ஓபன்மொடலிக்கா என்ற மென்பொருளில் செய்தார், ட்ரையரை இன்னொருவர் பைதன் கணினி மொழியில். சேர்த்து ஓட்டினால் விடை பொருந்துவதில்லை. சிமுலேஷன் மாதிரிகளை ஒன்றோடொன்று இணைப்பதற்கான எஃப்எம்ஐ தரத்துக்கு மாறினால் போதும் என்கிறார்கள். நீங்கள் எழுதும் மாதிரிவழிப் பொறியியல், அதாவது பொது மாதிரி ஒன்றை முதலில் எழுதி அதிலிருந்தே குறியீட்டை உருவாக்கும் முறை, எங்களைப் போன்ற சிறிய இடத்துக்கும் தேவையா?

வாசகர், சம்மாந்துறை

அன்புள்ள தம்பிக்கு,

தேவை. எஃப்எம்ஐ நல்ல தரம்தான். கார்த் தொழிலில் ஆளுக்கொரு மென்பொருளில் செய்த மாதிரிகளை இணைக்கப் பிறந்தது. முதற் பதிப்பு 2010இல் வந்தது. மாறிகளின் பெயர், அலகு, உள்ளே வருவதா வெளியே போவதா என்ற விவரத்தையும் கணக்கையும் ஒரே ஸிப் கோப்பில் கட்டித் தரும். ஆனால் ஈரப்பதம் ‘வீதம்’ என்று எழுதினால், எதில் வீதம் என்று அது கேட்காது.

இதில் நான் அடிபட்டிருக்கிறேன். ஒரு பெரும்போக அறுவடை நேரம், மட்டக்களப்புப் பக்கம் ஒரு மில். ஈரப்பத மீட்டர் 20 வீதம் காட்டியது. அது மொத்த எடையில். நூறு கிலோ நெல்லில் 20 கிலோ நீர், 80 கிலோ காய்ந்த பொருள். என் ட்ரையர் மாதிரியோ காய்ந்த எடையை வைத்துக் கணக்குப் போடுவது. அதற்கு 25 என்று கொடுத்திருக்க வேண்டும். நான் 20 என்றே கொடுத்தேன். நெல் காய்ந்துவிட்டது என்றது மாதிரி. அங்கே வேலைசெய்த பெரியவர் ஒரு மணியைக் கடித்துப் பார்த்து, இன்னும் ஈரம் என்றார். அவர் சொன்னதுதான் சரி.

அப்புறம்தான் பொது மாதிரி ஒன்றை முதலில் எழுதத் தொடங்கினேன். நெல், காற்று, நீராவி, ஒவ்வொன்றுக்கும் எந்த அளவு, எந்த அலகு, எதை வைத்து என்று அதில் இருக்கும். இரண்டு பக்கத்துக்குமான இணைப்புக் குறியீட்டை அதிலிருந்தே கணினி உருவாக்கும். ஒருவர் எதையாவது மாற்றிவிட்டு மற்றவருக்குச் சொல்ல மறந்துபோவது இதில் நடக்காது. பொது மாதிரியை எழுத எக்லிப்ஸின் இஎம்எஃப் என்ற மென்பொருள், அதிலிருந்து குறியீட்டை உருவாக்க அதோடு சேரும் அக்சிலியோ, இரண்டும் போதும், இலவசம். முழு மில்லையும் எழுதப் போகாதீர்கள், பாதியில் களைத்துவிடுவீர்கள்.

பொயிலரிலிருந்து ட்ரையருக்குப் போகும் நீராவிக் குழாய் ஒன்றை மட்டும் எடுங்கள். இரண்டு பேரையும் ஒரே மேசையில் இருத்தி, அழுத்தம் என்று எதை எழுதியிருக்கிறார்கள் என்று கேளுங்கள். பொயிலரின் கேஜ் காட்டுவது வளிமண்டல அழுத்தத்துக்கு மேலே உள்ளதை. நீராவி அட்டவணையில் இருப்பது முழு அழுத்தம். வித்தியாசம் ஏறத்தாழ 1 பார். உங்கள் விடை பொருந்தாததற்கு இதுவே காரணமாக இருக்கலாம். பார்த்துவிட்டு எழுதுங்கள் தம்பி, அந்தக் குழாயின் மாதிரியை நானும் கூட இருந்து பார்க்கிறேன்.