குதிரை முன்னங்கால நீட்டி நிக்குது, ஸ்பெஷல் லாடம் வாங்கலாமா?

வாசகர் கேட்டது: "டாக்டர், நான் பள்ளத்தூர் பக்கம். என்கிட்ட 8 வயசு கத்தியவாரி பொட்டக்குதிரை ஒண்ணு இருக்கு. மாப்பிள்ளை அழைப்பு, கோயில் ஊர்வலம் இதுக்கெல்லாம் அனுப்புவேன். அஞ்சு நாளா முன்னங்கால் ரெண்டையும் முன்னால நீட்டி வச்சுக்கிட்டு நிக்குது, திருப்புனா தயங்குது. லாடம் அடிச்சு மூணு மாசத்துக்கு மேல ஆச்சு, எங்க ஊர்ல மாட்டுக்கு லாடம் அடிக்கிறவருதான் அடிச்சாரு. நண்பர் ஒருத்தர் ஹார்ட் பார்னு ஒரு மருத்துவ லாடம் ஆன்லைன்ல வரும், வாங்கி அடிச்சா சரியாயிரும்னு சொல்றாரு. வாங்கலாமா? பொதுவா எத்தனை நாளைக்கு ஒரு தடவை லாடம் மாத்தணும்?"

தம்பி, அந்த லாடத்தை இப்ப வாங்காதீங்க. மருத்துவ லாடம்னு பேரு இருக்கறதால அது மருந்து கணக்கா வேலை செய்யும்னு நெனச்சுட்டாங்க எல்லாரும், அது நம்ம கண்ணுக்குப் போடுற கண்ணாடி மாதிரி, பவர் பாக்காம அடுத்தவன் கண்ணாடிய வாங்கி மாட்டுனா தலைவலிதான் வரும். குதிரை விஷயத்துல தலைவலியோட நிக்காது.

நீங்க எழுதுனதுல என் கண்ணு நின்ன இடம் "முன்னால நீட்டி வச்சுக்கிட்டு நிக்குது" அப்படிங்கறதுதான். ஒரு கால மட்டும் தூக்கி தூக்கி வச்சா நான் ஆணி குத்தியிருக்கா, சீழ் கட்டியிருக்கான்னு யோசிப்பேன். ரெண்டு முன்னங்காலும், அதுவும் பாரத்தை பின்னுக்கு தள்ளிக்கிட்டு, குதிங்கால்ல ஊனி, வட்டமா திருப்பினா உடைஞ்ச கண்ணாடி மேல நடக்கற மாதிரி நடந்தா, லேமினைட்டிஸ்னு சந்தேகப்படணும், அதாவது குளம்புக்குள்ள இருக்கற சவ்வு வீங்குற நோய். குளம்புக்குள்ள ஒரு எலும்பு இருக்கு, குளம்பு வடிவத்துலயே இருக்கும், அது கீழ சும்மா உக்காந்துருக்கல, குளம்பு சுவரோட உள்பக்கத்துல நூத்துக்கணக்கான மடிப்பு மடிப்பான சவ்வு அதை இழுத்துப் பிடிச்சு தொங்க விட்டிருக்கு. அந்த சவ்வு வீங்கி பிடிமானம் விட்டுச்சுன்னா, மேல இருந்து குதிரையோட எடை அமுக்குது, பின்னாடி இருந்து தசைநாண் இழுக்குது, எலும்பு முனை கீழ்நோக்கி திரும்பிடும். மோசமா போனா அடிப்பாதத்தையே துளைச்சுக்கிட்டு வெளியில வந்துரும். குதிரை எடையில நூத்துக்கு அறுபது பங்கு முன்னங்கால்லதான் இருக்கு, அதனாலதான் முதல்ல அங்க தெரியுது.

இத நீங்களே ஓரளவுக்கு பாத்துக்கலாம். குளம்புல கைய வச்சுப் பாருங்க, ஒரு மணி நேரம் கழிச்சும் பாருங்க, விடாம சூடாவே இருக்கா. அப்புறம் குளம்புக்கு மேல இருக்கற முட்டிக்குப் பின்னால ரெண்டு ஓரத்துலயும் விரல மெதுவா வைங்க. நல்ல குதிரைக்கு அங்க நாடி தேடித்தான் பிடிக்கணும், சில நேரம் கிடைக்கவே கிடைக்காது. லேமினைட்டிஸ் இருந்தா விரலை உதைக்கற மாதிரி அடிக்கும். பழகணும்னா குதிரை நல்லா இருக்கறப்பவே தெனம் ஒரு தடவை தொட்டுப் பாத்து வச்சிருக்கணும், இல்லன்னா எது அதிகம் எது கம்மின்னு எப்படித் தெரியும்.

இப்ப ஒண்ணு கேக்குறேன், கோவிச்சுக்காதீங்க. ஆறு ஏழு நாளைக்கு முன்னாடி ஏதாவது கல்யாணத்துக்கு அனுப்புனீங்களா? நம்ம பக்கம் விருந்துல மிஞ்சுன சோறு, சக்கரைப் பொங்கல், வாழைப்பழம் எல்லாத்தையும் பாசமா குதிரைக்கு வைப்பாங்க, ஆச்சிமாருங்க வெல்லக்கட்டிய கையில எடுத்துட்டு வந்துருவாங்க, வேண்டாம்னு சொன்னா வருத்தப்படுவாங்க. குதிரையோட பெருங்குடல் புல்லை நொதிக்க வைக்கறதுக்குத்தான் இருக்கு. ஒரே நேரத்துல அவ்வளவு மாவும் சர்க்கரையும் அங்க போய் இறங்குனா உள்ள அமிலம் ஏறி நல்ல கிருமியெல்லாம் செத்து அந்த விஷம் ரத்தத்துல கலந்து கடைசியில குளம்புல வந்து காட்டும். வயித்துல ஆரம்பிச்ச நோய்க்கு கால்ல இரும்பு அடிச்சா எப்படி நிக்கும்? கொள்ளு, தவிடு, சோறு எல்லாத்தையும் இன்னிக்கே நிறுத்துங்க, காஞ்ச புல்லும் தண்ணியும் போதும். குட்டி போட்ட குதிரையா இருந்து நஞ்சுக்கொடி முழுசா விழாம இருந்தாலும் இது வரும், ஸ்டீராய்டு ஊசி போட்டாலும் சில குதிரைக்கு வரும், அதையும் உங்க டாக்டர்கிட்ட சொல்லிருங்க.

உடனே செய்ய வேண்டியது, நடக்க விடாதீங்க. சிமெண்டு தரையில கட்டியிருந்தா அவுத்து, முக்கா அடி ஆழத்துக்கு மணல் கொட்டி அதுல விடுங்க, நம்ம ஊர் செம்மண்ணு வேண்டாம், அது காஞ்சா சரளைக்கல்லும் சேந்து செங்கல் மாதிரி இறுகிரும், ஆத்து மணலோ எம்-சாண்டோ நல்லா சலிச்சது போதும். படுக்கணும்னு படுத்தா படுக்கட்டும், எழுப்பி விடாதீங்க, பாரம் குறையுதுல்ல. அவசரத்துக்கு ரெண்டு அங்குல தடிமன்ல அழுத்தமான தெர்மாகோல் பலகைய குளம்பு அளவுக்கு வெட்டி அடியில வச்சு டேப் சுத்தி விட்டா நல்லா தாங்கும், ஃப்ரிட்ஜ் பெட்டியில வர்ற பொருபொரு தெர்மாகோல் ஒரு மணி நேரத்துல நசுங்கிப் போயிரும், அது உதவாது.

ஐஸ் பத்தி எல்லாரும் கேப்பாங்க. உடம்புக்குள்ள கோளாறு ஆரம்பிச்ச மொத ஒண்ணு ரெண்டு நாள்ல, குளம்பும் அதுக்கு மேல முழங்காலுக்கு பாதி தூரம் வரைக்கும் முங்கற மாதிரி ஐஸ் தண்ணியில 48ல இருந்து 72 மணி நேரம் விடாம வச்சா நிறைய பேர் குதிரைய காப்பாத்தியிருக்காங்க. மீன் மார்க்கெட்ல ஐஸ் பார் வாங்கி உடைச்சு அந்தத் தண்ணியில போட்டாலும் சரிதான். ஆனா உங்களுக்கு அஞ்சு நாள் ஓடிருச்சு, இப்ப அதுல வலி கொஞ்சம் கொறையும், அவ்வளவுதான். அடுத்த தடவை குதிரை தீவன மூட்டைய அவுத்து தின்னுருச்சுன்னு காலையில பாத்தீங்கன்னா, கால் நோகறதுக்குள்ளயே ஐஸ்ல நிப்பாட்டுங்க, டாக்டர் வர்ற வரைக்கும் காத்திருக்காதீங்க.

வலி ஊசி விஷயத்துல ஜாக்கிரதை. மெடிக்கல்ல போய் மனுசனுக்குப் போடுற டைக்ளோஃபெனாக்க வாங்கிக் குத்திராதீங்க, கால்நடைக்கு அத 2006லயே தடை பண்ணிட்டாங்க, பிணந்தின்னிக் கழுகுக் கூட்டமே அழிஞ்சுபோனதுக்கு அதுதான் காரணம். டாக்டர் எழுதிக் குடுக்கற மருந்து வேற. அந்த மருந்து போட்டதும் குதிரை நல்லா நடக்குதேன்னு ஊர்வலத்துக்கு அனுப்புற ஆளுங்கள பாத்துருக்கேன். வலி தெரியாம நடந்தா மிச்சம் இருக்கற சவ்வும் கிழிஞ்சிரும்.

சரி, இப்ப லாடத்துக்கு வருவோம். உங்க ஊரு லாடக்காரரை நான் குறை சொல்லல, அவரு மாட்டுக்கு அடிக்கறதுல கெட்டிக்காரராத்தான் இருப்பாரு. மாட்டுக்கு குளம்பு ரெண்டா பிளந்திருக்கு, ஒவ்வொண்ணுக்கும் தனித்தனி தகடு, கயித்தால கட்டி சாச்சுப் போட்டு அடிப்பாங்க. குதிரைக்கு ஒரே குளம்பு, ஒவ்வொரு அடிக்கும் குதிங்கால் பக்கம் கொஞ்சம் விரிஞ்சு சுருங்கணும், அதனால ஆணி முன்பாதியிலயும் நடுவுலயும்தான் போகணும், பின்னாடி குதிங்கால் கிட்ட அடிச்சா விரிய முடியாம குளம்பு நாளாக நாளாக ஒடுங்கிப் போயிரும். அடியில பாத்தா சுவருக்கும் பாதத்துக்கும் நடுவுல வெளிறின ஒரு கோடு தெரியும், ஆணி அந்தக் கோட்டுக்கு வெளிய இருக்கற உசுரில்லாத ஓட்டுலதான் ஏறணும். அடிச்ச ஒண்ணு ரெண்டு நாள்ல நொண்டுச்சுன்னா ஆணி உள்ள நெருங்கிருச்சுன்னு அர்த்தம், உங்க குதிரைக்கு மூணு மாசம் கழிச்சு வந்ததால அது இல்ல.

ஆனா அந்த மூணு மாசமே ஒரு பிரச்சினை. குளம்பு மாசத்துக்கு கிட்டத்தட்ட ஒரு சென்டிமீட்டர் வளருது. லாடம் இருக்கறதால தேயாது. மூணு மாசம்னா முன்பக்கம் மூணு சென்டிமீட்டர் கூடுதலா நீண்டு, குதிங்கால் கீழ நசுங்கி, குதிரை நீள மூக்கு வச்ச செருப்பு போட்ட மாதிரி நடக்கும், ஒவ்வொரு எட்டுக்கும் அந்த நீட்டம் நெம்புகோல் மாதிரி சுவரை எலும்புலேர்ந்து பிய்க்கும். வீங்குன சவ்வுக்கு இது போதாதா. அதனால உங்க ரெண்டாவது கேள்விக்கு பதில், அஞ்சு ஆறு வாரத்துக்கு ஒரு தடவை. லாடம் தேயாம புதுசு மாதிரியே இருந்தாலும் கழட்டி, குளம்ப சீவி, அதே லாடத்தை திருப்பி அடிக்கலாம், செலவும் கம்மி. லாடமே போடாத குதிரைக்கும் ஆறுலேர்ந்து எட்டு வாரத்துக்குள்ள சீவணும். நல்ல ஆளுன்னு எப்படி கண்டுபிடிக்கறதுன்னா, வந்ததும் அரத்த கையில எடுக்காம முதல்ல குதிரைய நடக்க விட்டு பக்கவாட்டுல நின்னு பாப்பாரு. குளம்புக்கு ஏத்த மாதிரி லாடத்தை வளைப்பாரு, இருக்கற லாடத்துக்கு ஏத்த மாதிரி குளம்ப அராவ மாட்டாரு. ரேஸ் குதிரை லாயத்துல வேலை பாத்து ஓய்வானவங்க, மீரட்ல ராணுவ கால்நடைப் பிரிவுல லாடம் பழகிட்டு ஊருக்கு வந்தவங்கன்னு அங்கங்க இருக்காங்க, விசாரிச்சுப் பாருங்க. நாலஞ்சு குதிரைக்காரங்க சேந்து ஒரே நாள்ல வரவச்சா அவங்களுக்கும் கட்டுப்படியாகும்.

ஹார்ட் பார் லாடம்னா என்னன்னு சொல்லிடறேன். குளம்பை தூக்கிப் பாத்தா அடியில பின்பக்கம் முக்கோணமா ரப்பர் மாதிரி ஒரு சதை இருக்கும், ஃப்ராக்னு சொல்வாங்க. இந்த லாடத்துல நடுவுல ஒரு நாக்கு மாதிரி தகடு அந்த சதை மேல உக்காந்து, உள்ள சரியற எலும்பை கீழ இருந்து தாங்குது. யோசனை அருமைதான். ஆனா அந்த நாக்கு கொஞ்சம் முன்ன போனாலோ கொஞ்சம் கூடுதலா அமுக்குனாலோ ரத்த ஓட்டத்தையே நசுக்கி வலிய ரெண்டு மடங்காக்கும். எலும்பு எங்க இருக்குன்னு எக்ஸ்ரேல பாத்து அளந்து அடிக்க வேண்டிய லாடத்தை ஆன்லைன்ல சைஸ் நம்பர் பாத்து வாங்குறது எப்படி சரியா வரும்? அதோட நோய் உச்சத்துல இருக்கறப்ப சுத்தியலால தட்டுறதே அதுக்கு சித்திரவதை. முதல் சில வாரம் பஞ்சு, மணல், தெர்மாகோல், இதுதான். நிலைமை அடங்குன பெறகு, முன்பக்கம் மேல்நோக்கி வளைஞ்ச லாடமா, ஹார்ட் பாரா, மரத்துல செஞ்சு ஒட்டுறதா, எதுன்னு டாக்டரும் லாடக்காரரும் எக்ஸ்ரேய நடுவுல வச்சுக்கிட்டு பேசி முடிவு பண்ணணும். எக் பார்னு பின்னாடி மூடி வளைஞ்ச லாடத்தையும் சில பேரு உங்ககிட்ட சொல்லுவாங்க, அது பெரும்பாலும் குதிங்கால் பலவீனத்துக்கு, உங்க கதை அது இல்ல.

எவ்வளவு நாள் ஆகும்னு கேக்காம இருக்க மாட்டீங்க. குளம்பு, அதுவும் தோலும் சேர்ற மயிர்க்கோட்டுலேர்ந்து தரைக்கு புதுசா இறங்க ஒம்போதுலேர்ந்து பன்னண்டு மாசம். இந்த முகூர்த்த சீசன மறந்துருங்க. பயோட்டின் பொடி குடுக்கலாம், பெரிய குதிரைக்கு தினம் 20 மில்லிகிராம்னு கணக்கு, உங்க கத்தியவாரிக்கு அதுல கொஞ்சம் கம்மி. ஆனா அது புதுசா வளர்ற குளம்பத்தான் கெட்டியாக்கும், ஏற்கனவே இருக்கறத ஒண்ணும் பண்ணாது, ஆறேழு மாசம் விடாம குடுத்தாத்தான் தெரியும்.

ஐப்பசி கார்த்திகையில நம்ம கண்மாய்க்கரை கொட்டாயெல்லாம் சேறாகிப் போகும்ல, அப்ப தெனமும் குளம்ப குடைஞ்சு விடுங்க, குதிங்கால்லேர்ந்து முன்பக்கமா. ஃப்ராக்கோட பள்ளத்துல கருப்பா, மூக்கைப் பிடிக்கற நாத்தத்தோட ஏதாவது வந்தா சுத்தமா கழுவித் தொடைச்சு, பொவிடோன் அயோடின்ல பஞ்சை நனைச்சு உள்ள வைங்க, தரைய காய வைங்க, காயாத தரையில எந்த மருந்தும் நிக்காது. வெயில் காலத்துல வெடிப்பு வருதுன்னு பழைய இஞ்சின் ஆயில தடவுறது நம்ம பக்கம் ஒரு கெட்ட பழக்கம், நிறுத்துங்க. கல்யாண வீட்டு முற்றத்துல பளபளன்னு ஆத்தங்குடி கல்லு பதிச்சிருந்தா லாடம் போட்ட குதிரைய உள்ள ஏத்தாதீங்க, இரும்பு அதுல சறுக்கிக்கிட்டே போகும், வாசலோட நிப்பாட்டி மாப்பிள்ளைய இறக்குங்க.

எப்பவாவது ஆணி ஏறிருச்சுன்னா ஒரு விஷயம், இது நான் சின்ன வயசுல பண்ணுன தப்பு. ஒரு வண்டிக்குதிரை பாதத்துல துருப்பிடிச்ச ஆணிய பாத்ததும் புடுங்கிட்டேன், ரப்பர் மாதிரி சதை மூடிக்கிச்சு, எவ்வளவு ஆழம், எந்தப் பக்கம் போச்சுன்னு அப்புறம் கண்டுபிடிக்க முடியல, பதினஞ்சு நாள்ல சீழ் மேல மயிர்க்கோட்டுல வந்து உடைச்சுச்சு. முடிஞ்சா ஆணி இருக்கையிலயே எக்ஸ்ரே எடுக்கணும், அதுவரைக்கும் கால் ஊனாம ஆணிக்கு ரெண்டு பக்கமும் கட்டை வச்சு கட்டணும். டெட்டனஸ் ஊசி கட்டாயம், வீட்டு மிருகங்கள்ல குதிரை அளவுக்கு அந்த நோய்க்கு சீக்கிரம் விழறது வேற எதுவும் இல்ல.

உங்களுக்கு இப்ப வேண்டியது கால்நடை ஆம்புலன்ஸ் நம்பர் 1962க்கு ஒரு போன், டாக்டர் வந்து பாக்கட்டும். கூட்டிட்டுப் போகணும்னு அவரு சொன்னா நம்ம பக்கத்துக்கு ஒரத்தநாடு கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கு, ஆனா வண்டியில ஏத்தறதுக்கு முன்ன அங்க போன் பண்ணி குதிரைக்கு எக்ஸ்ரே வசதி அன்னிக்கு இருக்கான்னு கேட்டுக்குங்க, வண்டியில மணல் தூக்கலா போட்டு மெதுவா ஓட்டச் சொல்லுங்க. எக்ஸ்ரே எடுக்கறப்ப குதிரை ரெண்டு முன்னங்காலையும் மட்டமான கட்டை மேல ஒரே அளவுல ஊனி நிக்கணும், பக்கவாட்டுல எடுக்கணும், குளம்பு முன்பக்கத்துல மயிர்க்கோட்டுலேர்ந்து கீழ வரைக்கும் ஒரு நேர் கம்பிய டேப் போட்டு ஒட்டச் சொல்லுங்க, ஃப்ராக்கோட முனையில ஒரு சின்ன ஈயத்துண்டு. அந்தக் கம்பிக்கும் எலும்புக்கும் இடைவெளி மேலயும் கீழயும் ஒண்ணா இருக்கா, கீழ விரிஞ்சிருக்கான்னு பாத்தாலே பாதி விஷயம் தெரிஞ்சிரும். படத்தை அனுப்புங்க, லாடத்தைப் பத்தி அப்ப பேசிக்கலாம்.