5 நொடிக்கு ஒருமுறை லொகேஷன் எதற்கு?

டெலிவரி ஆட்கள் 200 பேரின் போன் எங்கே இருக்கிறது என்று 5 நொடிக்கு ஒருமுறை அப்டேட் ஆக வேண்டும், பேட்டரி தீரக் கூடாது, சர்வர் திணறக் கூடாது, எந்த டேட்டாபேஸ் போடலாம் என்று கேட்டிருக்கிறீர்கள். அந்த 5 நொடி உங்கள் முடிவாக இருக்காது. டாக்ஸி செயலியில் கார் ஊர்ந்து வருவதைப் பார்த்த யாரோ ஒருவர் "அதே மாதிரி வேணும்" என்று சொல்லியிருப்பார். எனக்கும் அப்படித்தான் வந்தது.

டேட்டாபேஸ் கவலையை முதலில் விடுங்கள். உங்கள் கணக்குக்கு நொடிக்கு 40 பதிவுதான், சாதாரண சர்வரே தாங்கும். சாவது போன். ஒரு சின்னத் தகவலை அனுப்பினாலும் மொபைலின் ரேடியோ (டவரோடு பேசும் பாகம்) உடனே தூங்கப் போகாது. நெட்வொர்க்கைப் பொறுத்துப் பத்து நொடி அளவுக்கு விழித்தே இருக்கும். 5 நொடிக்கு ஒருமுறை அனுப்பினால் அது தூங்கவே போவதில்லை. "வெப்சாக்கெட் போட்டால் போச்சு" என்று கீழே யாராவது எழுதுவார்கள், அதாவது ஒவ்வொரு முறையும் புதிதாகத் தொடர்பு கொள்ளாமல் ஒரே இணைப்பைத் திறந்தே வைத்திருப்பது. அதில் அனுப்பும் அளவு குறையும், சரி. ரேடியோ விழித்திருப்பது குறையாது.

நான் செய்து கொடுத்தது கோவைப் பக்கம் ஒரு பால் விநியோக நிறுவனத்துக்கு. பெயர் வேண்டாம். விடியற்காலை கிளம்பும் வேன்கள், டிரைவர்களின் சொந்த போன், சொந்த ரீசார்ஜ். 5 நொடி வேண்டாம் என்று ஆரம்பத்திலேயே சொன்னேன், முதலாளி கேட்கவில்லை. சில நாளில் அவரே கூப்பிட்டார்: "தம்பி, பத்து மணிக்கு மேல பாதி வண்டியைக் காணோமே?" ஒரு டிரைவரிடம் விசாரித்தால், "போன் அடுப்பாட்டம் கொதிக்குதுங்க சார், ஊட்டுக்குப் பேசச் சார்ஜ் நிக்கறதில்லீங்க. அதான் லொகேஷனை ஆப் பண்ணிப் போட்டேன்" என்றார். அவர் மேல் என்ன தப்பு?

அதற்கு முன் கொஞ்ச காலம் டெலிகாமில் இருந்தவன் நான். கோடிக்கணக்கான போன்களைத் தேடிப்பிடிக்கும் மொபைல் நெட்வொர்க்கே இப்படிப் பாடுபடுவதில்லை. சும்மா இருக்கும் போன் ஒவ்வொரு டவர் மாறும்போதும் தகவல் சொல்லாது. பல டவர்களைச் சேர்த்து ஒரு பகுதியாக வைத்திருப்பார்கள். அந்த எல்லையைத் தாண்டினால்தான் சொல்லும். நகராமலே கிடந்தால் எப்போதாவது ஒருமுறை "இருக்கிறேன்" என்று காட்டிக்கொள்ளும். எல்டிஇ (4ஜி) தரத்தில் இதற்கான இயல்பு அளவு 54 நிமிடம். அழைப்பு வந்தால்தான் அந்தப் பகுதி டவர்கள் எல்லாம் போனைக் கூப்பிட்டுப் பார்க்கும். பகுதியைப் பெரிதாக்கினால் போன் சொல்வது குறையும், தேடும் வேலை கூடும். சிறிதாக்கினால் நேர்மாறு. உங்கள் பிரச்சினையும் இதுதான்.

அதையே செயலியில் செய்தேன். வேன் 100 மீட்டர் நகர்ந்தால்தான் புதுப் புள்ளி. புள்ளிகள் போனிலேயே சேரும், ஒன்றிரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை மொத்தமாகப் போகும். ஆண்ட்ராய்டின் ஃப்யூஸ்டு லொகேஷனில் (ஜிபிஎஸ், வைஃபை, டவர் எல்லாவற்றையும் சேர்த்து இடம் சொல்லும் சேவை) தூரம், தாமதம் இரண்டுக்கும் அமைப்பு இருக்கிறது, நீங்களாக எழுத வேண்டியதில்லை. நின்றுவிட்டால் ஜிபிஎஸ்ஸைத் தொடாமல் பத்து நிமிடத்துக்கு ஒரு "உயிரோடு இருக்கிறேன்". யாராவது மேப்பைத் திறந்து குறிப்பிட்ட வேனைப் பார்த்தால் மட்டும் சர்வர் அந்த ஒரு போனுக்குப் புஷ் அனுப்பி வேகத்தைக் கூட்டச் சொல்லும், மூடியதும் பழையபடி. நடுவில் வண்டி ஊர்வது போலக் காட்டுவது திரையின் வேலை. இரண்டு புள்ளிக்கு நடுவே அனிமேஷன் போட்டால் முதலாளிக்கு வித்தியாசமே தெரியாது. எங்களுக்கும் வித்தியாசம் தெரியவில்லை.

சர்வரில் ஒன்றை மட்டும் விட்டுவிடாதீர்கள். கடைசி இடம் வேறு, போன பாதை வேறு. கடைசி இடத்துக்கு, வண்டி ஒன்றுக்கு ஒரே வரிசை; ரெடிஸ் (மெமரியிலேயே வைத்துக்கொள்ளும் வேகமான டேட்டாபேஸ்) போதும். போன பாதைக்கு, சேர்த்துக்கொண்டே போகும் தனி டேபிள். சிக்னல் இல்லாத இடத்தில் தேங்கிய புள்ளிகள் பிந்தி வரும், ஆகவே சர்வருக்கு வந்த நேரத்தை நம்பாமல் போன் எடுத்த நேரத்தைப் பார்த்து, புதியதாக இருந்தால் மட்டும் கடைசி இடத்தை மாற்றுங்கள். இல்லாவிட்டால் வேன் பின்னோக்கி ஓடும்.

இவ்வளவு செய்து கொடுத்த பிறகு நடந்தது என்ன தெரியுமா? ஆபீஸ் சுவரில் பெரிய டிவி மாட்டி, எந்த வேன் டீக்கடையில் எத்தனை நிமிடம் நின்றது என்று பார்க்க ஓர் ஆளைப் போட்டார்கள். இருபது நிமிடம் தாண்டினால் பேட்டாவில் கை வைப்பார்களாம். இரண்டு மணிக்கு எழுந்தவன் டீ குடிக்கக் கூடாதா? டிரைவருக்குத் தெரியும்படி ஆன், ஆப் பட்டன் வைப்போம், வேலை முடிந்ததும் தானாக நிற்கட்டும் என்றேன். "அதெல்லாம் உங்களுக்கு எதுக்குங்க" என்றார்கள். நீங்கள் அந்தப் பட்டனை முதல் வெர்ஷனிலேயே வைத்துவிடுங்கள். பிறகு கேட்டால் கிடைக்காது.

ஐபோன் வைத்திருப்பவர்கள் இருந்தால் பின்னணியில் 'சிக்னிஃபிகன்ட் சேஞ்ச்' சேவையைப் பாருங்கள். சுமார் 500 மீட்டர் நகர்ந்தால்தான், அதுவும் 5 நிமிடத்துக்கு ஒருமுறைக்கு மேல் சொல்லாது. டெலிவரி நேரத்துக்கு அது போதாது, மற்ற நேரத்துக்குத் தாராளம்.