வாசகர் கேள்வி - பதில்: பிள்ளைகள் வரைந்த ஓவியம் யார் கைக்குப் போகிறது?

குழந்தைகளின் உரிமைக்காக இளைஞர்கள் என்ன செய்யலாம் என்று சென்ற இதழில் வாசகர்களைக் கேட்டிருந்தோம். செட்டிநாட்டு ஊர்களிலிருந்து வந்த கடிதங்களில் ஐந்தை எடுத்து, தெரிந்த அளவில் விடை எழுதியிருக்கிறேன்.

கேள்வி: எங்கள் நாட்டு நலப்பணித் திட்ட அணி ஆண்டுதோறும் நவம்பர் 14 அன்று பக்கத்துக் கிராமப் பள்ளியில் ஓவியப் போட்டி நடத்துகிறது, பேரணியும் உண்டு. பரிசும் மிட்டாயும் கொடுத்துவிட்டுத் திரும்பும்போது ஏதோ குறைவதாக மனத்துக்குப் படுகிறது. என்ன குறைகிறது?
கல்லூரி மாணவி, காரைக்குடி

பதில்: பிள்ளைகள் வரைந்த ஓவியத்துக்குப் பெறுநர் இல்லை, அதுதான் குறை. நாம் மதிப்பெண் போடுகிறோம், பரிசு கொடுக்கிறோம், குழுவாக நின்று படம் எடுத்துக்கொள்கிறோம். அதன் பிறகு அந்தத் தாள்கள் தலைமையாசிரியர் அறையின் பீரோ மேல் போய்ச் சேர்கின்றன. இந்தப் பிள்ளை ஏன் பள்ளிக்கூடத்தை இத்தனை தொலைவில் வரைந்திருக்கிறது, இந்த வீட்டில் ஏன் அப்பாவைக் காணவில்லை என்று கேட்க அங்கே யாருக்கும் நேரமிருப்பதில்லை.

ரோஜர் ஹார்ட் என்னும் அறிஞர், யுனிசெஃப் 1992இல் வெளியிட்ட கட்டுரையில், குழந்தைகளின் பங்கேற்பை எட்டுப் படிகள் கொண்ட ஓர் ஏணியாகக் காட்டினார். அதன் கீழ்ப்படிகள் மூன்றையும் அவர் பங்கேற்பு என்றே ஒப்பவில்லை: பிள்ளைகளை நம் கருத்துக்குக் கருவியாக்குவது, அலங்காரத்துக்கு நிறுத்துவது, பெயரளவுக்கு மேடையேற்றுவது. தான் எழுதாத வாசகத்தைத் தாங்கிய பதாகையைப் பிடித்துக்கொண்டு வெயிலில் நடக்கும் பிள்ளை இந்த மூன்று படிகளுக்குள்தான் நிற்கிறது. நம் ஊர்ப் பேரணிகளில் பெரும்பாலானவை இதைத் தாண்டியதில்லை என்று வருத்தத்தோடுதான் எழுதுகிறேன்.

நான் நேரில் பார்த்த ஒன்றைச் சொல்கிறேன். கானாடுகாத்தானுக்கு அப்பால் உள்ள ஒரு சிற்றூரில், உங்களைப் போன்ற கல்லூரி மாணவர்கள் சிலர், ஒரு சனிக்கிழமை மாலையில் கோயிலுக்கு எதிரே உள்ள பொட்டலில் பிள்ளைகளைக் கூட்டி, ஆளுக்கொரு கொட்டாங்கச்சியில் கோலமாவைக் கொடுத்து, ஊரைத் தரையில் வரையச் சொன்னார்கள். முதலில் கோயில் வந்தது, பிறகு ஊருணி, ரேஷன் கடை, பள்ளிக்கூடம், பேருந்து நிற்கும் புளியமரம். ஊர் முழுவதும் வெள்ளைக் கோடாகத் தரையில் வந்த பிறகு, பயமாக இருக்கும் இடத்தில் ஆளுக்கொரு ஓட்டாஞ்சில்லை வைக்கச் சொன்னார்கள். பையன்கள் நாய்கள் படுத்திருக்கும் மூலையில் வைத்தார்கள். பெண் பிள்ளைகள் ஏழு பேரும், ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ளாமலே, ஒரே இடத்தில் வைத்தார்கள்.

அது, ஒரு தெருவில் முகப்பும் மறு தெருவில் பின்கட்டுமாக நீளும் பெரிய வீடொன்றின் பக்கச் சுவரை ஒட்டிய சந்து. சொந்தக்காரர்கள் ஆண்டுக்கு ஒருமுறை, முன்னோரை வணங்கும் படைப்புக்கு வந்து திறப்பதோடு சரி. மற்ற நாளெல்லாம் பூட்டித்தான் கிடக்கும். அந்தச் சந்தின் விளக்குக் கம்பத்தில் விளக்கு எரிந்து பல மாதங்கள் ஆகியிருந்தன. உயர்நிலைப் பள்ளியில் மாலைச் சிறப்பு வகுப்பு முடித்துப் பேருந்தில் இறங்கும் பெண் பிள்ளைகளுக்கு வீட்டுக்கு அது ஒன்றே வழி. ஒன்பதாம் வகுப்புப் பெண் ஒருத்தி, சில்லைக் காலால் நகர்த்தியபடியே, “அந்த லைட்டு எரியாட்டி எங்கம்மா என்னய ஸ்பெஷல் கிளாசுக்கே விடாது” என்றாள். கல்வி உரிமையைப் பற்றிய எந்தச் சொற்பொழிவும் அந்த ஒரு வரிக்கு ஈடாகாது.

பிள்ளைகள் அதே வரைபடத்தை ஒரு வெள்ளைத் தாளில் வண்ணமிட்டு வரைந்து, அந்தப் பெண் சொன்னதைக் கீழே அவள் சொல்லிலேயே எழுதி, கடந்த ஆண்டு அக்டோபர் 2 கிராம சபைக்குக் கொண்டு போனார்கள். கிராம சபையில் தீர்மானம் கொண்டுவரும் உரிமை அந்த ஊராட்சியின் வாக்காளர்களுக்கு உரியது. பிள்ளைகளுக்கு அது இல்லை. 18 வயது நிரம்பிய இளைஞர்களின் பங்கு இந்த இடத்தில்தான் வருகிறது: பிள்ளைகள் தாங்களே எழுந்து சொன்னார்கள், அந்த ஊர் வாக்காளர்களான இரண்டு மாணவர்கள் அதைத் தீர்மானமாக முன்வைத்துப் பதிவேட்டில் ஏற்றினார்கள். விளக்கு எரிந்தது என்னவோ பொங்கல் கழிந்துதான். இடையில் மூன்று தடவை போய்க் கேட்க வேண்டியிருந்தது.

தமிழ்நாட்டில் ஆண்டுக்கு ஆறு நாள் கிராம சபை கூடுகிறது: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. உங்கள் ஓவியப் போட்டியை நவம்பர் 14க்கு வைக்காமல் இவற்றில் ஒன்றுக்கு மூன்று வாரம் முன்னால் வைத்துப் பாருங்கள். ஊராட்சித் தலைவர் தலைமையில் கிராமக் குழந்தைகள் பாதுகாப்புக் குழு என்று ஒன்று இருக்க வேண்டும், அதில் பிள்ளைகளின் பிரதிநிதிகளும் இடம்பெற வேண்டும். அது கடைசியாக எப்போது கூடியது என்பதையும் பணிவோடு கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.

கேள்வி: உரிமை உரிமை என்று சொல்லிக் கொடுத்தால் பிள்ளைகள் பெரியவர்களை மதிப்பார்களா? எங்கள் காலத்தில் கடமையைத்தான் முதலில் சொல்லிக் கொடுத்தோம்.
ஓய்வுபெற்ற ஆசிரியர், தேவகோட்டை

பதில்: ஐயா, உங்கள் கவலையை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. ஆனால் நீங்கள் அஞ்சுகிற பொருள் குழந்தைகள் உரிமைகள் பற்றிய ஐ.நா. உடன்படிக்கையில் இல்லை. அந்த உடன்படிக்கை 1989 நவம்பர் 20 அன்று நிறைவேறியது. இந்தியா 1992 டிசம்பரில் அதில் இணைந்தது. அதன் 12ஆம் பிரிவு, தன்னைப் பாதிக்கும் எல்லாவற்றிலும் குழந்தை தன் கருத்தைச் சொல்லலாம் என்றும், வயதுக்கும் முதிர்ச்சிக்கும் ஏற்ற மதிப்பை அந்தக் கருத்துக்குத் தர வேண்டும் என்றும் கூறுகிறது. பிள்ளை சொன்னபடியே முடிவெடுக்க வேண்டும் என்று கூறவில்லை. முடிவு பெரியவர்களிடமே இருக்கலாம். கேட்காமல் முடிவெடுப்பதைத்தான் அது ஏற்கவில்லை. பெற்றோரையும் தாய்மொழியையும் பண்பாட்டையும் மதிக்கக் கற்பிப்பது கல்வியின் நோக்கங்களுள் ஒன்று என்று அதே உடன்படிக்கையின் 29ஆம் பிரிவில் எழுதியிருக்கிறது.

பட்டாலை என்னும் கூடத்தில் பெரியவர்கள் பேசும்போது பிள்ளைகளை உள்ளே இரண்டாங்கட்டுக்குப் போகச் சொல்லும் வீட்டில்தான் நானும் வளர்ந்தேன். மரியாதையை அங்கே கற்றேன் என்பது உண்மை. எனக்கு நேர்ந்த ஒரு தீங்கை யாரிடமும் சொல்லாமல் ஆண்டுக்கணக்கில் வைத்திருக்கவும் அங்கேதான் கற்றேன்.

கேள்வி: எங்கள் ஊரில் முறுக்கு, சீடை, மணகோலம் செய்து விற்கும் வீடுகள் நிறைய உண்டு. பிள்ளைகளும் வேலை செய்கிறார்கள். குழந்தைத் தொழிலாளர் பற்றித் தெருநாடகம் போட விரும்புகிறோம். அந்த வீட்டார் மனம் நோகுமே என்று தயங்குகிறோம். வீட்டு வேலையில் கை கொடுப்பதும் குற்றமா?
இளைஞர் மன்றத்தினர், பள்ளத்தூர்

பதில்: சட்டத்தை முதலில் தெளிவாக்கிக்கொள்வோம். 1986ஆம் ஆண்டின் குழந்தைத் தொழிலாளர் சட்டம் 2016இல் திருத்தப்பட்டபோது, 14 வயதுக்குட்பட்டவர்களை எந்த வேலையிலும் அமர்த்தக் கூடாது என்றும், 14 முதல் 18 வயது வரையுள்ளவர்களை ஆபத்தான தொழில்களில் அமர்த்தக் கூடாது என்றும் ஆனது. பள்ளி நேரம் போக மற்ற நேரத்திலும் விடுமுறையிலும், ஆபத்தில்லாத சொந்தக் குடும்பத் தொழிலில் பிள்ளை உதவலாம் என்று ஒரு விலக்கும் வைத்தார்கள். 2017இல் வந்த விதிகள் அந்த விலக்குக்கும் எல்லை போட்டன: இரவு 7 மணியிலிருந்து காலை 8 மணி வரை அந்த உதவியும் கூடாது, படிப்புக்கு இடைஞ்சலாகவும் இருக்கக் கூடாது. ஆகவே பள்ளி விட்டு வந்து அரை மணி நேரம் முறுக்கை எண்ணிப் பொட்டலம் கட்டுகிற பிள்ளை வேறு. விடியுமுன் எழுந்து எண்ணெய்ச் சட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டு, முதல் பாடவேளையில் தூங்கி விழுகிற பிள்ளை வேறு.

நாடகத்துக்கு வருகிறேன். கொடுமைக்கார முதலாளி, அழுகிற பிள்ளை, கடைசியில் வந்து காப்பாற்றும் அதிகாரி என்று எழுதினால், அந்த வீட்டார் கைதட்டிவிட்டுப் போவார்கள். ஏனென்றால் தங்கள் வீட்டில் முதலாளி யாரும் இல்லை என்று அவர்களுக்குத் தெரியும். பிரேசிலைச் சேர்ந்த நாடகக் கலைஞர் அகஸ்தோ போவால் வளர்த்தெடுத்த ஒரு முறை உங்களுக்குப் பொருந்தும் என்று நினைக்கிறேன்: சிக்கல் முற்றும் இடத்தில் நாடகத்தை நிறுத்தி, பார்ப்பவர்களில் ஒருவரை அழைத்து, அந்தப் பாத்திரத்தின் இடத்தில் நின்று வேறு விதமாகச் செய்து காட்டச் சொல்வது.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு சந்தைத் திடலில் இதைப் பார்த்தேன். நாடகத்தில் மகளாக நடித்த பதினோரு வயதுச் சிறுமிக்கு, “கல்வியே கண்” என்று தொடங்கும் நீண்ட வசனத்தைப் பெரியவர்கள் எழுதிக் கொடுத்திருந்தார்கள். ஒத்திகையில் அவள் அதை விட்டுவிட்டு, “டீச்சர் திட்டுறப்ப தூக்கம் வருதுன்னு சொல்ல வெக்கமா இருக்கு” என்றாள். நல்ல வேளையாக, எழுதியவர் தன் வசனத்தை அடித்துவிட்டு அதையே வைத்துக்கொண்டார். நாடகம் நின்றதும், கூட்டத்திலிருந்து ஓர் அம்மாள், கையில் பையோடே எழுந்து வந்து தாயின் இடத்தில் நின்று, “ஆள் போட்டா எனக்கு என்ன மிஞ்சும், நீங்களே சொல்லுங்க” என்றார். யாரிடமும் விடை இல்லை. பிறகு அடுத்த வீட்டுக்காரர் ஒருவர், விடியற்காலை வேலையை இரண்டு வீடுகளும் சேர்ந்து முறை வைத்துக்கொள்ளலாமே என்றார். அந்த யோசனை எத்தனை நாள் நீடித்தது என்று உறுதி சொல்ல மாட்டேன். ஆனால் யாரையும் குற்றவாளிக் கூண்டில் ஏற்றாமல், அந்தப் பேச்சு அன்று ஊர் நடுவில் நடந்தது.

உங்கள் மன்றத்துக்கு என் வேண்டுகோள்: ஒத்திகை தொடங்குமுன் அந்த வீடுகளுக்குப் போய் உட்கார்ந்து பேசுங்கள். நாடகத்தில் பிள்ளையின் வசனத்தைப் பிள்ளையே சொல்லட்டும். வெளியார் கடையிலோ உணவகத்திலோ பிள்ளைகள் வேலை செய்வது தெரிந்தால் அதற்கு நாடகம் போட்டுக் காத்திருக்க வேண்டாம். உடனே குழந்தைகள் உதவி எண் 1098க்குத் தெரிவியுங்கள்.

கேள்வி: குழந்தைத் திருமணத்திலிருந்து தப்பித்த ஒரு மாணவியைப் பேச வைத்துக் குறும்படம் எடுக்கிறோம். அவளும் சம்மதித்துவிட்டாள். முகத்தைக் காட்டலாமா?
குறும்பட ஆர்வலர், காரைக்குடி

பதில்: காட்டாதீர்கள். பாதிக்கப்பட்ட குழந்தைகளின் பெயரையோ முகத்தையோ பள்ளியையோ ஊடகத்தில் வெளிப்படுத்துவதை 2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டத்தின் 74ஆம் பிரிவு தடுக்கிறது. பாலியல் குற்றம் தொடர்புடையதானால் போக்சோ சட்டத்தின் 23ஆம் பிரிவும் சேரும். சட்டம் ஒருபுறம் இருக்கட்டும். அவள் பதினாறு வயதில் தந்த சம்மதம், இருபத்தைந்து வயதில் அந்தப் படம் அவள் அலுவலகத்தில் யாரோ ஒருவர் கைப்பேசியில் ஓடும்போதும் அவளைக் கட்டும். முகத்தை மங்கலாக்கினால் போதும் என்றும் நினைக்காதீர்கள். நம் ஊர்களில் குரலும் வாசற்கதவும் போதும், யார் வீடு என்று தெரிந்துவிடும். கதையை அவளே எழுதட்டும். இடத்தை மாற்றி, வயது வந்த ஒருவரை நடிக்க வையுங்கள். படம் முடிந்ததும் முதலில் அவளுக்குப் போட்டுக் காட்டுங்கள். அவள் வேண்டாம் என்று சொல்லும் காட்சியை, எவ்வளவு நன்றாக வந்திருந்தாலும், வெட்டிவிடுங்கள்.

கேள்வி: நான் எட்டாம் வகுப்பு படிக்கிறேன். எங்கள் ஊராட்சி நூலகம் பூட்டியே இருக்கிறது. அதைப் பற்றி ஒரு பாட்டு எழுதியிருக்கிறேன். சின்னப் பிள்ளைகள் சொல்லிப் பெரியவர்கள் கேட்டிருக்கிறார்களா?
மாணவி, புதுவயல் பக்கத்துக் கிராமம்

பதில்: கேட்டிருக்கிறார்கள், மகளே. ராஜஸ்தானில் கொத்தடிமையாக இருந்து மீட்கப்பட்ட ஓம் பிரகாஷ் குர்ஜார் என்னும் சிறுவன், மற்றப் பிள்ளைகளின் இலவசக் கல்விக்காகவும் பிறப்புப் பதிவுக்காகவும் பாடுபட்டு, 2006இல் குழந்தைகளுக்கான சர்வதேச அமைதிப் பரிசைப் பெற்றான். நம் திருவண்ணாமலை வினிஷா உமாசங்கர், சூரிய ஒளியில் இயங்கும் இஸ்திரி வண்டியை வடிவமைத்து, 2021இல் கிளாஸ்கோ பருவநிலை மாநாட்டில் உலகத் தலைவர்கள் முன் பேசினார். ஐ.நா. குழந்தைகள் உரிமைக் குழு 2023இல் சுற்றுச்சூழலைப் பற்றி ஒரு விளக்கவுரை வெளியிட்டபோது, அதற்கு 121 நாடுகளிலிருந்து 16,000க்கும் மேற்பட்ட பிள்ளைகளின் கருத்துகளைப் பெற்றது.

எனக்கு மிகவும் பிடித்தது வேறொன்று. தில்லியில் தெருவோரப் பிள்ளைகளே நடத்தும் ‘பாலக்நாமா’ என்ற செய்தித்தாள் 2003 முதல் வருகிறது. எழுதத் தெரியாத பிள்ளைகளும் அதில் செய்தியாளர்கள். அவர்கள் வாயால் சொல்ல, எழுதத் தெரிந்த பிள்ளை எழுதிக்கொள்கிறது. உன் ஊரிலும் அப்படிச் சொல்லத் தெரிந்த சின்னப் பிள்ளைகள் இருப்பார்கள், அவர்களையும் சேர்த்துக்கொள்.

பாட்டின் வலிமை நம் பக்கத்துக்குப் புதிதல்ல. 1990களின் தொடக்கத்தில் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் நடந்தபோது, பாட்டும் நாடகமும்தான் ஊர் ஊராகப் போய்ப் பெண்களை எழுத்துப் படிக்க அழைத்தன. உன் ஊரில் அப்போது படிக்க வந்த அப்பத்தாக்கள் இருக்கலாம். விசாரித்துப் பார், பாடியும் காட்டுவார்கள்.

உன் பாட்டு நன்றாக இருக்கிறது. “பூட்டுக்குள்ள புத்தகம் மூச்சு முட்டிக் கெடக்குது” என்ற வரியை யார் சொன்னாலும் மாற்றாதே. பாட்டோடு ஒரு தாளும் வேண்டும். நாளையிலிருந்து பத்து நாள், பள்ளி விட்டு வரும்போது நூலகத்தைக் கடக்கும் நேரத்தையும், திறந்திருந்ததா பூட்டியிருந்ததா என்பதையும் குறித்துவை. உன்னோடு வரும் பிள்ளைகளும் பக்கத்தில் பெயர் எழுதட்டும். வரும் நவம்பர் 1 அன்று உங்கள் ஊரில் கிராம சபை கூடும். அம்மாவையோ, கல்லூரியில் படிக்கும் ஓர் அக்காவையோ கூட அழைத்துப் போ. முதலில் பாட்டைப் பாடு. பிறகு அந்தத் தாளைப் படி. தீர்மானப் பதிவேட்டில் எழுதும்படி அக்கா கேட்கட்டும். என்ன சொன்னார்கள் என்று எனக்கு மறக்காமல் எழுது.